நெருப்புக்கோழி முட்டைக்கு நான் சொன்ன குறை

“...தப்புன்னு சொல்லல ரைட்டர் சார், எழுதினது அத்தனையும் நெசம். அதனாலதான் அடிச்சிடச் சொல்றேன்.”

ஏலம் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லாத காலை வேளையில், என் மேசைக்கு முன்னால் நின்று ஒருவர் இப்படிச் சொன்னார். ஜாபிதாவில், அதாவது ஏலச் சாமான் பட்டியலில், தப்பு இருக்கிறது, திருத்திக் கொடு என்று சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். நிஜமாக இருக்கிறது, அதனால் அடித்துவிடு என்று வந்தவர் என் உத்தியோக காலத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஏலக்கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சாமான்களை எப்படி லாட் பிரிப்பது, எதை முன்னால் விடுவது, எதைச் சந்தடியோடு சந்தடியாகத் தள்ளிவிடுவது என்பதெல்லாம் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். நம் தொழிலில் ஒருவன் தன் வாயாலேயே எப்படி மாட்டிக்கொள்வான் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். மாட்டிக்கொண்டவன் நான்.

இந்த யுத்தத்துக்கு முந்தின யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கண்டோன்மெண்டிலிருந்து துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பங்களா பங்களாவாகச் சாமான் எங்கள் கடையில் வந்து இறங்கியது. சவுத் பரேடுக்குப் பின் சந்தில், பழைய குதிரை லாயத்தைக் கூரை உயர்த்திக் கட்டிய கடை. முதலாளி ஒரு முதலியார். நான் ஜாபிதா எழுதும் ரைட்டர். விற்கப்போகும் ஒவ்வொரு சாமானுக்கும் இங்கிலீஷில் ஒரு வரி, கீழே அதையே தமிழில் ஒரு வரி. நாலாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்து நானாகப் பழகியது. விஷயமெல்லாம் மனிதர்களிடம் பேச்சுக் கொடுத்து வாங்கியது. யாராவது ஒரு வார்த்தையை அழகாகச் சொல்லிவிட்டால் அதை அவர்கள் குரலோடு ஞாபகத்தில் வைத்துக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படித்தான் ஒரு கர்னல் துரையின் பெட்டி வந்தது. துரை அதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டார். மான் கொம்பு, மடக்கு நாற்காலி, வெள்ளித் தட்டுகள் நடுவில் பஞ்சில் சுற்றி ஒரு கிண்ணம். நெருப்புக்கோழி முட்டையின் மேல்பாகத்தை வெட்டி எடுத்துச் செய்தது. பழுத்த தந்தத்தின் நிறம். இடுப்பில் மூன்று சிவப்புக் கோடு, பாதி அழிந்தது. தரையில் நிற்பதற்கு அடியில் தார் மாதிரி ஏதோ கறுப்பாகப் பிடித்து வைத்திருந்தார்கள். கூடவே துரையின் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்: மெசபொடேமியா, மேட்டுக்குள் இருந்த ஒரு கல்லறை.

எனக்குக் கை பரபரத்தது. ஏனென்றால் இந்த முட்டையைப் பற்றி நான் ஏற்கெனவே நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். எங்களிடம் பழைய விளக்குகள் வாங்க வரும் சாயபு, தர்காவில் சமாதிக்கு மேலே இந்த முட்டை தொங்குவதைக் காட்டி ஒருமுறை சொன்னார்: “இந்தப் பறவை முட்டை மேலே உக்காராது பாய். பாத்துகினே இருக்கும். பாத்தே பொரிக்கும். கண்ணை அந்தப் பக்கம் திருப்பிச்சின்னா முட்டை கெட்டுடும். தொழுவறப்போ உன் மனசும் திரும்பக் கூடாதுன்னுதான் தொங்க விட்டாங்க.” பறவை நிஜமாக அப்படிச் செய்யுமா என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்ன அழகுக்கு அது நிஜமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கிழக்கு தேசங்களில் ஊழியம் செய்து திரும்பிய ஒரு பாதிரியார், அங்கே கோயில்களில் பீடத்துக்கு முன் இதைக் கட்டித் தொங்கவிடுவார்கள் என்றார். மூடிய ஓட்டுக்குள்ளிருந்து உயிர் வெளியே வருகிறது அல்லவா, கல்லறையிலிருந்து ஆண்டவர் எழுந்ததற்கு அதுவே அடையாளமாம். ஆப்பிரிக்காவின் தெற்கே இருப்பவர்கள் இதில் தண்ணீரை நிரப்பி, மணலில் புதைத்து, கோடைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று அங்கே போய் வந்த ஒரு சோல்ஜர் சொல்லியிருந்தான்.

இவ்வளவும் தெரிந்தவன் சும்மா இருப்பானா? “முட்டைக் கிண்ணம், பழையது, ஒன்று” என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது. நான் எழுதினேன்: மெசபொடேமியாவில் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட, மிகப் பழைய காலத்து, செத்தவர் மறுபடி எழுந்திருக்கும் பொருட்டு அருகே வைக்கப்பட்ட நெருப்புக்கோழி முட்டைக் கிண்ணம். ஜாபிதாவிலேயே அதுதான் நீளமான வரி.

முதலியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “இன்னாயா ராயப்பா இது? கல்யாணப் பத்திரிகையா?” என்றார். ஆனால் வரியை அடிக்கவில்லை. ஏலத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஜாபிதாவைக் கதவில் ஒட்டினோம். ஒட்டியபின் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது எங்கள் கடையில் கட்டு. சாயங்காலத்துக்குள் அந்த வரி கண்டோன்மெண்ட் முழுக்கச் சுற்றிவிட்டது.

அது சுற்றிப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஜோகுபாளையம். மறுநாள் காலையில் அங்கிருந்து நடந்தே வந்தவர்தான் என் மேசைக்கு முன் நின்றவர். பெயர் முனிசாமி. ஐம்பதை ஒட்டிய வயது, நல்ல உயரம், தலைப்பாகை. பட்டாளத்தில் பள்ளம் தோண்டுகிற பிரிவில் இருந்துவிட்டு வந்தவர்.

“ஏன் அண்ணே அடிக்கணும்?” என்றேன்.

“அதை எடுத்தவனே நான்தான் சார்.”

பிறகு நிற்காமல் பேசினார். ஆற்றுப் பக்கம் ஒரு மேட்டில் பதுங்கு குழி தோண்டிக்கொண்டிருந்தார்களாம். கடப்பாரை சட்டென்று உள்ளே போயிற்றாம். “பாத்தா ஒரு புள்ளையோட எலும்பு. ஏழு எட்டு வயசு இருக்கும். இந்தக் கிண்ணம் அது கையில. கர்னல் துரை மேல நின்னுகினு ‘நிகாலோ, நிகாலோ’ன்னாரு, வெளிய எடுன்னு. நான் உள்ள கைய விட்டு எடுத்தேன். வெரல் எலும்பு கூடவே வந்திச்சி சார். மண்ணு தட்டற மாதிரி அதைத் தட்டிட்டு மேல குடுத்தேன்.”

அவருக்கு ஒரே மகள். சண்டையிலிருந்து திரும்பி வந்து அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். இரண்டு முறை உண்டாகி, இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டது.

“இப்ப எட்டாம் மாசம். முந்தாநேத்துலேர்ந்து கொழந்தை அசையறது கொறஞ்சிடிச்சின்றா. நேத்து சாயங்காலம் யாரோ சொல்றான், ஏலக்கடையில கல்லறைலேர்ந்து எடுத்த முட்டை வந்திருக்குதுன்னு. எனக்கு ராவெல்லாம் உக்காரவும் முடியல, படுக்கவும் முடியல. அதை மண்ணுல வச்சிடணும் சார். அந்த மண்ணுக்குப் போக எனக்கு வழியில்ல. எந்த மண்ணா இருந்தா இன்னா, மண்ணு மண்ணுதானே?”

“நீங்களே ஏலத்துல கேட்டு எடுத்துக்கிட்டா?”

“வெலை கேக்க மாட்டேன்.” முகம் இறுகிவிட்டது. “வெலைக்கு வாங்கினா அந்தப் புள்ள கையிலேர்ந்து ரெண்டாவது வாட்டி எடுத்த மாதிரி. நீங்க அந்த வரிய அடிச்சிடுங்க. ஒண்ணுத்துக்கும் ஒதவாததுன்னு எழுதிடுங்க. யாரும் சீண்ட மாட்டாங்க. தூக்கிப் போடற சாமானோட போட்டிங்கன்னா பொறுக்கிக்கறேன்.”

நான் முதலியாரிடம் ஓடினேன். அவர் உயரமான தன் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டார், கையில் சுத்தியல். சொன்னதையெல்லாம் கேட்டார். கல் நெஞ்சுக்காரர் இல்லை அவர். ஆனால் கட்டு கட்டுதான். “ஒட்டினது ஒட்டினதுதான்யா. இன்னிக்கு முட்டைக்கு ஒருத்தன் அழுதான்னு எடுத்தா நாளைக்குப் புலித்தோலுக்குப் புலியே வந்து அழும். போ, போயி லாட்டை எடு.”

முதல் லாட் ஏலம் போக ஆரம்பித்தது. கிண்ணம் நாற்பத்து மூன்றாவது.

கூடத்தின் ஓரத்தில் டாக்டர் ராயர் லென்ஸை வைத்துக்கொண்டு அந்தக் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டைப் பக்கத்துக் கன்னடக்காரர், பிரசவ டாக்டர். எலும்பு, சங்கு, முட்டை என்று வீடு நிறையச் சேர்த்து வைத்திருப்பவர். அவரை அங்கே இழுத்து வந்தது என் நீள வரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். முனிசாமி சொன்னதை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். விரல் எலும்பு உட்பட.

அது இரண்டாவது தப்பு.

அவர் கண் இரண்டும் விளக்கு ஏற்றின மாதிரி ஆகிவிட்டது. “ஹௌதா, அப்படியா! எடுத்த ஆளே இருக்கானா? எந்தக் கையில இருந்தது? தலை எந்தத் திக்குல? நோடப்பா ராயப்பா, இடம் தெரியாத சாமான் ஊமை. யாராவது அதுக்காகப் பேசணும். அதுக்குப் பேசற ஆளு இப்ப கிடைச்சிருக்கான்!”

“ராயரே, அவர் பொண்ணு...”

“பொண்ணுக்கும் முட்டைக்கும் சம்பந்தமே இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு.” பேசிக்கொண்டே லென்ஸைத் துடைத்தார். “உனக்குத் தெரியுமா, எகிப்துல ஆள் செத்தா இருதயத்தை எடுத்துத் தராசுல வைப்பாங்கன்னு சொல்லுவா. எதிர்த்தட்டுல என்ன? இந்தப் பறவையோட இறகு. ஏன் இதோட இறகு? மத்த பறவை இறகுல ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். இதுல ரெண்டு பக்கமும் சமம். அதான் நியாயத்துக்கு இதை வச்சாங்க. ஆஹா, ஆஹா.”

வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை நான் ஒரு வாரம் சப்புக்கொட்டியிருப்பேன். அன்றைக்கு மேடைப் பக்கம் திரும்பி நடந்தேன். தணிக்கப் போனவன் ஆசையை ஊதிவிட்டு வந்திருந்தேன்.

இருபதாவது லாட். இருபத்தெட்டு. மேடைக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தூணோரம் முனிசாமி நிற்பது தெரியும். மகள் வீட்டில் என்ன ஆகிறதோ என்று வாசலைப் பார்ப்பார், உடனே கிண்ணத்தைப் பார்ப்பார். எதையும் விட்டுப் போக முடியாத நிற்பு.

இந்த இடத்தில் எங்கள் கடை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அது உங்களிடம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு லாட்டையும் ரைட்டர் தூக்கிக் காட்டி, வரியை வாசித்து, பிறகு எல்லார் காதிலும் விழும்படி அதன் குறையைச் சொல்ல வேண்டும். கால் ஆட்டம், கண்ணாடி விரிசல், கரையான் என்று எதுவானாலும் சரி. சொல்லாமல் விட்ட குறை பின்னால் தெரிந்தால் வாங்கினவர் சாமானைத் திருப்பித் தரலாம். ‘குறை சொல்லு’ என்று முதலியார் சொன்னபிறகுதான் ஏலம் திறக்கும்.

நாற்பது. நாற்பத்தொன்று. நான் யோசித்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஒன்று, கை தவறினதுபோல் கீழே விட்டுவிடலாம். முட்டை ஓடுதானே. ஆனால் அந்த ஓடு யாருடையது என்று தெரிந்தபின் அதற்குக் கை வரவில்லை. இன்னொன்று, ‘குறை: இது பழசு இல்லை, பஜாரில் வாங்கின போலிச் சாமான்’ என்று ஒரு பொய். அது சுலபம். டாக்டர் நம்பமாட்டார், மற்றவர்கள் நம்புவார்கள். அதற்கப்புறம் நான் சொல்லும் எந்தக் குறையையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். அப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. என்ன செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

நாற்பத்து மூன்று. கிண்ணத்தைத் தூக்கினேன். கனமே இல்லை. என் நீள வரியை நானே வாசித்தேன். வாசிக்கும்போது வெட்கமாக இருந்தது.

“குறை சொல்லு,” என்றார் முதலியார்.

“விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது,” என்றேன். “சிவப்புக் கோடு பாதி அழிந்திருக்கிறது. பிறகு, இது ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்தது. குழந்தை கொடுக்கவில்லை. எடுத்தவர் இங்கே இருக்கிறார். மறுபடி மண்ணில் வைக்க வேண்டும் என்று கேட்கிறார். இதை வாங்குகிறவர் அதையும் சேர்த்து வாங்குகிறார்.” இதையே இங்கிலீஷிலும் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

விளக்குச் சாயபு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, “தௌபா, தௌபா” என்றார். முன் வரிசையில் இருந்த ஒரு மேம்சாகிப் எழுந்து பின்னால் போய்விட்டாள். முதலியார் என்னைப் பார்த்த பார்வையில் அன்று சாயங்காலம் நடக்கப்போகிற பேச்சு முழுக்க இருந்தது. (அந்தப் பேச்சு நடந்தது. அதற்குப் பிறகும் இருபது வருஷம் அங்கேதான் குப்பை கொட்டினேன்.)

“கேக்கறவங்க கேளுங்க,” என்றார் முதலியார்.

ஒரே ஒரு குரல். டாக்டர் ராயர்.

“ஒரு தரம்.” முதலியார் நிறுத்தினார். வேறு யாராவது கேட்க மாட்டார்களா என்று கூடத்தைத் துழாவினார். “ரெண்டு தரம்.” தூணோரம் முனிசாமி கண்ணை மூடிக்கொண்டார். “மூணு தரம்.”

சுத்தியல் விழுந்தது. வாய் செய்த தப்பை வாயாலேயே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் மேடைக்கு வந்து கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினார். நேராகத் தூண் பக்கம் போனார். அடுத்த லாட்டை எடுக்காமல் நானும் பின்னாலேயே போனேன். முதலியார் கூப்பிட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை.

“நீதானே எடுத்தவன்?” டாக்டர் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். “எப்படி இருந்தது? பேடா, வாயால சொல்ல வேணாம், காட்டு. இந்தா.” கிண்ணத்தை முனிசாமியின் கையில் கொடுத்தார்.

முனிசாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, நாற்காலிகளுக்கும் ஒரு பெரிய அலமாரிக்கும் நடுவில் காலியாகக் கிடந்த தரையில் படுத்தார்.

வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். முழங்கால் இரண்டையும் மார்புவரை இழுத்துக்கொண்டார். தலையைக் குனிந்து உள்ளே வாங்கினார். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவ்வளவு உயரமான மனிதர் அவ்வளவு சின்னதாக மடங்குவார் என்று நான் நினைத்ததில்லை. பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முதலியார் ஸ்டூலைவிட்டு இறங்கி வந்திருந்தார்.

டாக்டர் குந்தி உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். தலை, முதுகு, கால் மடங்கின விதம். முதலில் பென்சில் வேகமாகப் போயிற்று. “கை இன்னும் கொஞ்சம் மேலயா?” என்று கேட்டார். முனிசாமி கையை மேலே நகர்த்தினார். முழங்காலை வரையும் இடத்தில் பென்சில் நின்றது. டாக்டர் நோட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

“ஹௌது,” என்றார், எங்கள் யாரிடமும் இல்லை. “வயித்துக்குள்ள இருக்கற மாதிரியே வச்சிருக்காங்க.”

எத்தனையோ ஆயிரம் குழந்தைகளை வெளியே எடுத்த கை அது. முழங்காலை மெதுவாக வரைந்து முடித்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலை எந்தத் திக்கு என்றுகூடக் கேட்கவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“எனக்கு வேண்டியது நோட்டுல வந்தாச்சு. எழுந்திரப்பா,” என்றார். கிண்ணத்துக்குக் கை நீட்டவில்லை. “கொண்டு போயி வை. ஆனா பொண்ணை இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும். அசைவு குறைஞ்சா மண்ணு பாக்காது, நான்தான் பாக்கணும். கேட்டுதா?”

முனிசாமி ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கிண்ணத்தைச் சுற்றினார். வாசல்வரை நிமிர்ந்து, பட்டாளத்தில் பழகின நடையில் போனார். ஜாபிதா ஒட்டியிருந்த கதவைத் தாண்டிப் படி இறங்கினதும், கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜோகுபாளையத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.